படைத்தவர் மேடை ஏறும்போது

மிகுபுனைவு எழுதும் ஒருவர் பல்கலைக்கழக அரங்கில் பேச வந்தால், கேள்வி நேரத்தில் எழும் கேள்விகள் தனி ரகமாக இருக்கும். நடப்பியல் நாவலாசிரியரிடம், இந்தப் பாத்திரத்தை யாரை மனத்தில் வைத்து எழுதினீர்கள், எத்தனை முறை திருத்தினீர்கள் என்று கேட்பார்கள். மிகுபுனைவாளரிடம் கேட்பது வேறு. அந்த நாட்டில் செத்தவர்கள் எங்கே போகிறார்கள், அந்த அரசி பிறகு என்ன ஆனாள், டிராகன்களுக்கும் மனிதர்களுக்கும் பூர்வத்தில் உறவு இருந்ததா என்று கேட்பார்கள். எங்கோ அந்த நாடு இருக்கிறது, இவர் அங்கே போய் வந்தவர் என்பது போலக் கேட்கிறார்கள். பதிலையும் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். வளர்ந்தவர்கள், படித்தவர்கள், எல்லாம் கற்பனை என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. குருவிடமும் தீர்க்கதரிசியிடமும் மனிதர்கள் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்விகளின் சாயல் இதில் இருக்கிறது. ஆகவே இதற்குள் ஒரு சமயக் கேள்வியும் இருக்கிறது: ஓர் உலகத்தைப் படைத்தவருக்கு அந்த உலகத்தின்மேல் எவ்வளவு அதிகாரம்? அவர் சொல்லிவிட்டார் என்பதாலேயே ஒன்று அங்கே உண்மையாகிவிடுமா? ஆகாது என்பதுதான் என் கட்சி. படைத்தவர் அந்த மேடையில் சாட்சி சொல்பவராகத்தான் நிற்கிறார். சட்டம் போடும் உரிமை அவருக்கு இல்லை. அவருடைய சாட்சியத்தை அவர் படைத்த உலகமே மறுத்துப் பேசக்கூடும். அப்படி மறுத்துப் பேசத் தெரியாத உலகம் இன்னும் படைக்கப்படவே இல்லை என்று சொல்வேன்.

இதற்கு நான் அறிந்த மிக நல்ல சான்று, 1992 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபர்டின் கீபிள் கல்லூரியில் அர்சுலா லெ குவின் ஆற்றிய உரை. குழந்தை இலக்கியம் பற்றிய ஒரு வாரப் பயிலரங்கில் பேசியது. மறு ஆண்டு சிறு நூலாகவும் வந்தது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் தன்னுடைய சொந்த உலகம்தான். எர்த்ஸீ என்ற தீவுக்கூட்டத்தை 1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று நாவல்களில் அவர் எழுப்பியிருந்தார். அங்கே மந்திரம் ஆண்கள் கற்கும் கலை. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண் கையிலிருக்கும் மந்திரம் வலுவற்றது, கெட்டது என்று அந்த ஊர்ப் பழமொழிகளே சொல்லும். கோன்ட் தீவில் ஆடு மேய்த்த சிறுவன் கெட், தலைமை மந்திரவாதியாக உயர்ந்து, மூன்றாம் நாவலின் முடிவில் உலகத்தைக் காக்கத் தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்துவிடுகிறான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், ‘டெஹானு’ வந்தது. இப்போது கெட் ஆற்றல் இழந்து, கூச்சமும் பயமுமாக ஊர் திரும்பிய நடுவயதுக்காரன். கதையைப் பார்ப்பது அவன் கண்கள் அல்ல. இரண்டாம் நாவலில் அவன் இருட்டுக் கோயிலிலிருந்து மீட்டுவந்த டெனார், இப்போது ஒரு விவசாயியின் விதவை. அவள் பாத்திரம் கழுவுகிறாள், ஆட்டைக் கறக்கிறாள், பெற்றவர்களே நெருப்பில் தள்ளிக் கருக்கிய ஒரு பெண் குழந்தையை வளர்க்கிறாள். அந்தச் சமையலறையிலிருந்து பார்க்கும்போது மந்திரவாதிகளின் மகத்துவம் வேறு மாதிரித் தெரிகிறது. பழைய வாசகர்களில் பலருக்குக் கோபம் வந்தது. எங்கள் எர்த்ஸீயை நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள். அந்தக் கோபத்துக்கு நடுவில்தான் ஆக்ஸ்ஃபர்டில் அவர் பேச வந்தார்.

அவர் முன்னே இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. உலகம் என்னுடையது, நான் வைத்ததுதான் சட்டம் என்று சொல்லியிருக்கலாம். பழைய மூன்று நூல்களையும் திருத்தி எழுதி, ரோக் பள்ளியில் கெட்டுடன் நாலு பெண்களும் படித்ததாகச் சேர்த்திருக்கலாம், பதிப்பாளர் தடுத்திருக்கப்போவதில்லை. இரண்டையும் அவர் செய்யவில்லை. அந்த உலகம் மாறவில்லை, நான் நின்று பார்த்த இடம் மாறியிருக்கிறது என்பதே அவருடைய வாதம். வீரக் கதையின் பழைய மரபுக்குள் நின்று எழுதியபோது ஆண்கள் கண்ணுக்குப் பட்டதே முழு உலகம் என்று எடுத்துக்கொண்டேன், பெண்கள் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை என்கிறார். இது சமாளிப்பு என்று சிலர் நினைக்கக்கூடும். 1972 நாவலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் சந்தேகம் தீரும். கெட் பிற்பாடு என்ன ஆனான் என்பதற்கு அங்கே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முடிசூட்டு விழாவுக்கு வந்து, பிறகு தன் படகில் தனியே கடலில் மறைந்தான் என்று வீரப்பாடல் சொல்கிறது. அவன் வரவே இல்லை, தேடிப்போன இளம் அரசனுக்கும் அகப்படாமல் மலைக்காட்டுக்குள் நடந்தே போய்விட்டான் என்று கோன்ட் தீவு மக்கள் சொல்கிறார்கள். எது சரி என்று ஆசிரியர் சொல்லவில்லை. பாடலாக நிலைத்த வரலாறு ஒன்று, ஊர் வாய்ச்சொல் ஒன்று என்று அன்றே இடைவெளி விட்டிருந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடைவெளி வழியாகவே உள்ளே போனார். புதிதாகச் சுவரை இடிக்கவில்லை.

இலக்கியக் கோட்பாட்டில் இந்த விவகாரத்துக்கு ஏற்கெனவே ஒரு தீர்ப்பு உண்டு. 1967இல் ரோலான் பார்த் ஆசிரியரின் மரணத்தை அறிவித்தபோது, தான் சாகடிப்பது ஒரு கடவுளை என்று தெரிந்தே அறிவித்தார். பிரதிக்கு ஒரே முடிவான பொருளைத் தரும் ஆசிரியர், இறையியலின் கடவுளைப் போன்றவர். அவரை விலக்குவது கடவுளை விலக்குவதன் இன்னொரு வடிவம் என்பது அவர் நிலை. கேள்வியின் வேர் சமயத்தில் இருக்கிறது என்று கண்டதற்காக நான் அவரை மதிக்கிறேன். ஆனால் அவர் மனத்திலிருந்த கடவுள் ஒரே வகை: அரியணையில் அமர்ந்து, பொருளைத் தீர்மானித்து, கீழே அனுப்புகிறவர். அந்தக் கடவுளை விலக்கியதும் எஞ்சுவது வாசகர் மட்டுமே என்று அவர் முடித்துவிட்டார். இடையில் இன்னொன்று இருக்கிறது, படைக்கப்பட்ட பொருள். அதற்கென்று ஓர் ஒழுங்கு, ஒரு பிடிவாதம் இருக்கிறது. ஆசிரியரையும் வாசகரையும் ஒருசேரக் கட்டுப்படுத்துவது அதுதான்.

அந்தப் பிடிவாதம் எப்படி வேலை செய்யும் என்பதை டோல்கீனிடம் கிட்டத்தில் பார்க்கலாம். ‘ஹாபிட்’ 1937 செப்டம்பரில் வந்தது. முதல் பதிப்பில், இருட்டுக் குகையில் கதைநாயகன் பில்போவுடன் விடுகதைப் போட்டி நடத்தும் கொல்லம், தான் தோற்றால் தன் மோதிரத்தைப் பரிசாகத் தருகிறேன் என்று தானே முன்வருகிறான். தோற்ற பின் மோதிரத்தைக் காணாமல் மன்னிப்புக் கேட்டு, அதற்குப் பதிலாக வெளியே போகும் வழியைக் காட்டுகிறான். பிறகு அடுத்த நூலை எழுதும்போது, அந்த மோதிரம் அணிந்தவரை அடிமையாக்கும் பெருந்தீமையாக வளர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட மோதிரத்தை ஒருவன் மனமுவந்து கொடுக்க மாட்டான். ஆக, பழைய அத்தியாயம் நடந்திருக்கவே முடியாது. டோல்கீன் அதைத் திருத்தினார். திருத்தம் 1951 பதிப்பில் வந்தது. சாதாரண ஆசிரியர் அத்தோடு நிறுத்தியிருப்பார். டோல்கீன் பழைய வடிவத்தையும் தூக்கி எறியவில்லை. அது பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய் என்று ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முன்னுரையில் கணக்கு வைத்தார். மோதிரம் எனக்கு நியாயமாக வந்தது என்று காட்டிக்கொள்ள அந்த நேர்மையான மனிதன் பொய் சொன்னான். மோதிரத்தின் விஷம் அவனுக்குள் இறங்கியதற்கு முதல் அடையாளமே அந்தப் பொய். தான் அச்சிட்ட பக்கத்தையே, விசாரிக்க வேண்டிய ஒரு சாட்சியமாக அவர் நடத்தினார். தன் விருப்பத்தால் எல்லாம் நடக்கும் இடத்தில் ஒருவருக்கு இவ்வளவு சிரமம் எதற்கு?

கத்தோலிக்க நம்பிக்கையில் ஊறிய டோல்கீனுக்கு இதன் இறையியல் தெளிவாகவே தெரிந்திருந்தது. 1939 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி அவர் ஆற்றிய ஆண்ட்ரூ லாங் நினைவுரையில் முதன்மையான கருத்து, மனிதன் ஒரு படைப்பாளியின் சாயலில் படைக்கப்பட்டதால் தானும் உப-படைப்பாளி ஆகிறான் என்பது. கேட்பவர் அவநம்பிக்கையை வலிந்து ஒத்திப்போடுகிறார் என்ற கவிஞர் கோல்ரிட்ஜின் விளக்கம் அவருக்குப் போதவில்லை. கதை சரியாக அமைந்தால் கேட்பவர் அந்த உலகத்துக்குள் போகிறார், அங்கே சொல்லப்படுவது அந்த உலகத்தின் விதிகளுக்கு இசைவதால் உண்மையாகிறது. இசைவு கெட்ட நொடியில் மாயம் கலைந்துவிடுகிறது என்றார். அளவுகோல் உலகத்தின் விதிகள். ஆசிரியரின் வாக்கு அளவுகோல் இல்லை. அவர் இறந்தபின் 1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ நூலில் இதையே ஒரு கதையாகவும் சொல்லியிருக்கிறார். ஔலே என்ற தேவன் பொறுமையில்லாமல் குள்ளர்களைப் படைத்துவிடுகிறான். பரம்பொருளான இலுவாதார் வந்து கேட்கிறார்: உன் நினைவு அவர்கள்மேல் இருக்கும்போது மட்டுமே அவர்கள் அசைவார்கள், நீ வேறெங்காவது நினைத்தால் சும்மா நிற்பார்கள், இதுதான் உன் ஆசையா? ஔலே வெட்கி, அழுதுகொண்டே அவர்களை அழிக்கச் சம்மட்டியை ஓங்குகிறான். குள்ளர்கள் பயந்து குனிகிறார்கள். அந்தக் குனிவைக் காட்டித்தான் இலுவாதார் அவனைத் தடுக்கிறார்: அவர்களுக்கு இப்போது சொந்த உயிர் வந்துவிட்டது, இல்லாவிட்டால் உன் அடிக்கு அஞ்சியிருக்க மாட்டார்கள். படைத்தவனின் கையிலிருந்து விலகிக் குனியத் தெரிவதுதான் உயிர் என்று இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

லெ குவின் பேசிய கீபிள் கல்லூரித் தேவாலயத்தில் ஹோல்மன் ஹன்ட் வரைந்த ‘உலகின் ஒளி’ ஓவியம் இருக்கிறது. இரவில், களை மண்டிய ஒரு கதவின் முன்னே, விளக்கோடு கிறிஸ்து நின்று தட்டுகிறார். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். ஓவியர் அதை வேண்டுமென்றே அப்படி வரைந்தார். எல்லாம் வல்லவர் தான் உண்டாக்கிய கதவின் முன் அனுமதிக்காக நிற்கிறார் என்பது கிறித்தவத்துக்குள்ளேயே ஆழ வேரோடிய எண்ணம். லெ குவின் கிறித்தவர் அல்ல. தாவோ வழியில் மனம் தோய்ந்தவர், 1997இல் ‘தாவோ தே சிங்’ நூலைத் தன் ஆங்கிலத்தில் தந்தவர். வலிந்து செய்யாமல் இருப்பதன் வல்லமை அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்தது. அந்தக் கிறித்தவ எண்ணமும் இந்தத் தாவோ வழியும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். துப்பறியும் கதைகளும் இறையியலும் எழுதிய டோரதி சேயர்ஸும் இதே இடத்துக்கு வந்தார். படைப்பவரின் மனத்தைப் பற்றி 1941இல் அவர் எழுதிய நூலில் ஒரு செய்தி வருகிறது. உங்கள் பீட்டர் விம்ஸி கடைசியில் நல்ல கிறித்தவனாகிவிடுவான் இல்லையா என்று யாரோ ஆவலாகக் கேட்டிருக்கிறார்கள். அவனை எனக்குத் தெரிந்தவரையில் அதற்கு வாய்ப்பே இல்லை என்பது அவர் பதில். தன் நம்பிக்கையைத் தன் பாத்திரத்தின் வாயில் திணித்தால் பாத்திரம் செத்துவிடும் என்று நம்பிக்கையுள்ள ஒருவரே சொன்னார்.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் சைவ சித்தாந்தத்தை நினைக்காமல் இருக்க முடியாது. சூனியத்திலிருந்து எல்லாவற்றையும் உண்டாக்கிய கடவுள் சித்தாந்தத்தில் இல்லை. பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் பாசமாகிய கட்டும் தொடக்கமற்றவை. உயிர்களைச் சிவன் படைப்பதில்லை. என்றும் இருக்கும் உயிர்களுக்கு உடலும் கருவியும் உலகமும் நுகர்ச்சியும் தந்து, அவை தம் இயல்பில் வளர இடம் செய்கிறான். குயவன் குடத்தை வனைந்தாலும் மண்ணை உண்டாக்கவில்லை என்று ஆசிரியர்கள் சொல்லிவைத்த உவமை இதற்குத்தான். கதைமாந்தர்களுக்கு ஆன்மா உண்டு என்று நான் வாதிட வரவில்லை. ஆனால், மிகுபுனைவாளர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் விதத்தை வைத்துப் பார்த்தால், அது ஆதியாகமத்தின் முதல் அத்தியாயத்தைவிடச் சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் உலகத்துக்கு அருகில் இருக்கிறது. 2001இல் வந்த எர்த்ஸீ கதைகளின் முன்னுரையில், இல்லாத ஒரு வரலாற்றை ஆராய்வதற்கு வழி கதையைச் சொல்லிப்பார்த்து என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதுதான், மெய்யான வரலாற்றாசிரியர்கள் செய்வதும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை என்ற கருத்தை லெ குவின் வைக்கிறார். உடல் கொடுக்கிறார்கள், நாடு கொடுக்கிறார்கள்; அந்த உடலுக்குள் வந்து அமர்வது என்னவென்று அவர்களும் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இதெல்லாம் எழுத்தாளரின் மனமயக்கம் என்று மறுப்பவர்கள் உண்டு. கண்டுபிடித்தேன் என்கிறார், உண்மையில் அவருடைய நனவிலி மனம் கட்டியதை அவர் பிறகு பார்க்கிறார், அவ்வளவே என்பார்கள். இருக்கட்டும். எங்கிருந்து வந்தது என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை. வந்த பிறகு அது கட்டுப்படுத்துகிறதா என்பதுதான் கேள்வி. எண்களை மனிதன்தான் வகுத்தான் என்று வைத்துக்கொண்டாலும், எவை பகா எண்கள் என்று அவன் முடிவு செய்யவில்லை. 1742இல் கோல்டுபாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் எழுப்பிய ஊகம் இன்றுவரை நிறுவப்படாமல் நிற்கிறது. நாமே வகுத்த ஒன்று நமக்குப் பதில் சொல்ல மறுக்கிறது. டோல்கீனுக்கும் இப்படி ஒரு முடிச்சு இருந்தது. அவருடைய உலகத்தில் தீமைக்குப் படைக்கும் ஆற்றல் இல்லை, கெடுக்க மட்டுமே முடியும். அப்படியென்றால் தீமையின் படையாக வரும் ஓர்க்குகள் எங்கிருந்து வந்தன? எல்ஃபுகளையோ மனிதர்களையோ கெடுத்து உண்டாக்கியவை என்றால் அவற்றுக்கும் ஆன்மா உண்டு, மீட்சியும் உண்டு. பிறகு கதையில் அவற்றைக் கூசாமல் கொன்று குவிப்பது எப்படி? விலங்குகள் என்றால் அவை பேசுவது எப்படி? வயதான காலத்தில் இந்தக் கேள்வியோடு பல குறிப்புகள் எழுதிப் பார்த்து, ஒன்றிலும் நிலைகொள்ளாமல் 1973இல் காலமானார். மகன் கிறிஸ்டோபர் அந்தக் குறிப்புகளை 1993இல் பதிப்பித்தார். ஒரு வரி ஆணையால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம், படைத்தவரின் ஆயுளுக்குள் தீரவில்லை.

‘டெஹானு’மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. லெ குவினின் பெண்ணியம்தான் அந்த உலகத்துக்குள் நுழைந்தது, உலகம் கேட்டு அவர் எழுதவில்லை என்பது அது. அவருடைய கொள்கை மாறியதால்தான் அவர் திரும்பிப் போனார், அதில் ஐயமில்லை. ஆக்ஸ்ஃபர்டில் அவரே அதைச் சொன்னார். ஆனால் திரும்பிப் போன இடத்தில் அவர் கண்டது அங்கே ஏற்கெனவே இருந்ததா, கொண்டுபோய் வைத்ததா என்பதைப் பழைய பக்கங்களை வைத்துச் சரிபார்க்கலாம். பெண் மந்திரத்தைப் பழிக்கும் அந்தப் பழமொழிகள் 1968லேயே அச்சில் இருக்கின்றன. யார் அவற்றை உண்டாக்கினார்கள் என்ற கேள்வியும் அப்போதே பிறந்துவிட்டது. 1971 நாவலில் டெனார் விடுதலை பெறுகிறாள், விடுதலை பெற்றவள் அதற்குப் பிறகு என்ன வாழ்க்கை வாழ்ந்தாள் என்று மூன்றாம் நாவல் வாயைத் திறக்கவில்லை. மரண தேசம் இதைவிட வலுவான சான்று. முதல் நூல்களில் செத்தவர்கள் தாழ்ந்த கற்சுவர் ஒன்றைத் தாண்டி ஒரு வறண்ட நாட்டுக்குப் போகிறார்கள். அங்கே காற்றில்லை, நட்சத்திரங்கள் நகர்வதில்லை, உயிரோடிருந்தபோது காதலித்தவர்கள் தெருவில் ஒருவரையொருவர் கண்டும் காணாமல் கடக்கிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் சமநிலையையும் திரும்பி வருதலையும் பேசும் ஓர் உலகத்தில் இந்த ஒரு மூலை மட்டும் ஏன் இப்படி அழுகி நிற்கிறது என்று கவனமுள்ள வாசகர் அன்றே கேட்டிருக்க முடியும். 2001இல் ‘தி அதர் விண்ட்’ அதற்குப் பதில் கண்டது: சாகாமல் இருக்க ஆசைப்பட்ட பழைய மந்திரவாதிகள் டிராகன்களிடமிருந்து திருடி வேலி போட்ட நிலம் அது, இயற்கையின் ஒழுங்கு அது இல்லை. சுவர் இடிகிறது, செத்தவர்கள் உலகத்தோடு கலந்துபோகிறார்கள். ஒரு மதத்தின் மறுமைக் கொள்கையே, முன்னோர் செய்த பிழை என்று தெரிய வருகிறது. பழைய நூல்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் அவற்றில் நெருடிய இடம் இப்போது நெருடவில்லை. திணிப்பு என்றால் நெருடல் கூடியிருக்கும். அவர் சறுக்கிய இடமும் உண்டு. ‘டெஹானு’வின் முடிவில் வில்லன் கையில் சிக்கிய கெட், டெனார் இருவரையும் டிராகன் பறந்துவந்து காப்பாற்றுவது அவசரத்தில் கட்டிய முடிச்சாகவே எனக்குப் படுகிறது, அவ்வளவு நேரம் அடுப்பங்கரையின் நியாயத்தில் நடந்த கதைக்கு அது ஒட்டவில்லை. படைத்தவர் சொன்னதையே இப்படிச் சொந்த உலகத்தின் அளவுகோலால் தவறென்று சொல்ல முடிவதும் என் கட்சிக்குச் சாதகம்தான்.

நூலில் இல்லாத ஒன்றை மேடையில் அறிவித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜே. கே. ரௌலிங் உதாரணம். 2007 அக்டோபரில் நியூயார்க் கார்னகி அரங்கில், அவர் கதைகளில் வரும் மந்திரவாதி டம்பிள்டோர் யாரையாவது காதலித்தாரா என்று ஓர் இளம் வாசகர் கேட்டபோது, அவர் தன்பாலீர்ப்பாளர் என்றே தான் எப்போதும் நினைத்துவந்ததாக ரௌலிங் சொன்னார். ஏற்றவர்கள் உடனே என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: ஏழாம் நூலைத் திறந்து, இளவயதில் கிரிண்டல்வால்டோடு அவருக்கிருந்த உறவு விவரிக்கப்படும் பக்கங்களைக் காட்டினார்கள். ஏற்காதவர்கள் அதே பக்கங்களில் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். ஆசிரியர் சொல்லிவிட்டார், ஆகவே சரி என்று இரு தரப்புமே நிறுத்தவில்லை. சாட்சி கூண்டேறிச் சொன்னதை ஆவணத்தோடு ஒப்பிட்டார்கள். நியாயமான நடைமுறை அதுதான்.

இன்னொரு மறுப்பு இருக்கிறது, அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. கதாசிரியரையும் கடவுளையும் ஒரே தட்டில் வைப்பது துன்பத்தை அற்பமாக்குகிறது என்பார்கள். நெருப்பில் கருகிய அந்தச் சிறுமி காகிதத்தில்தான் வேகிறாள். அவளை அப்படி எழுதியதற்காக லெ குவின் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. உண்மைக் குழந்தைகள் வெந்த உலகத்தின் படைப்பாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. இதை நான் அப்படியே ஏற்கிறேன். உலகத்துக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டார், ஆகவே அதில் நடப்பதற்கெல்லாம் அவர் பொறுப்பில்லை என்று கடவுளுக்கு வக்கீலாக இந்த ஒப்பீட்டை யாரும் பயன்படுத்தக் கூடாது. உண்மையில் அது எதிர்த்திசையிலும் வெட்டும்: விலகிக் குனியத் தெரிந்த உயிரைப் படைத்தவர், அந்த உயிர் திரும்பி நின்று கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்தே படைத்துவிட்டார். விவிலியத்தின் யோபு கேட்டதும் அந்த உரிமையில்தான்.

கேட்பவரின் இடத்தைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்ற நக்கீரர் கதையை எல்லோரும் சொல்வார்கள். இறையனார் அகப்பொருள் உரையின் தொடக்கத்தில் வரும் கதை எனக்கு அதைவிட ஆழமாகத் தோன்றுகிறது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு பொருளதிகாரம் அறிந்தவர் நாட்டில் இல்லை என்று பாண்டியன் வருந்த, ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழே இட்டான். சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை கண்டார்கள். எது மெய்யுரை? நூலைச் செய்தவனே கோயிலில் இருக்கிறான், கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கதை அந்த வழியில் போகவில்லை. உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன், ஐந்து வயது, பேச வராத பிள்ளை. அவனை உட்காரவைத்து உரைகளைப் படித்தார்கள். மருதன் இளநாகனார் படித்தபோது சில இடங்களில் கண்ணீர் விட்டான். நக்கீரனார் படித்தபோது சொல்லுக்குச் சொல் அழுது மெய்சிலிர்த்தான். அதுவே மெய்யுரை என்று தீர்ந்தது. அந்தப் பிள்ளை முருகனின் அவதாரம் என்று கதையே சொல்கிறதே, ஆகத் தீர்ப்பு தெய்வத்துடையதுதானே என்று கேட்கலாம். தெய்வமே ஆனாலும் தீர்ப்புச் சொல்ல அது ஆசிரியரின் இருக்கையில் அமரவில்லை, வாய்பேசாத கேட்பவனாக வந்து அமர்ந்தது என்பதை நான் கவனிக்கிறேன். நூலின் பொருள், நூலைக் கேட்டு அழத் தெரிந்தவரிடத்தில் சோதிக்கப்பட்டது.

அப்படியென்றால் படைத்தவரைக் கேட்க எதற்காகப் போக வேண்டும்? அந்த உலகத்தின் விதிக்கு வேறு எவரையும்விட அதிக காலம் கீழ்ப்படிந்தவர் அவர் என்பதற்காகப் போக வேண்டும். எங்கே முட்டிக்கொண்டார், எதை எழுத முயன்று உலகம் விடவில்லை, எந்த மௌனத்தைத் தாண்டிப் போகத் தெரியாமல் நின்றார் என்று அவரால் சொல்ல முடியும். அதுவே அவரிடம் கேட்கத் தக்கது. ‘டெஹானு’வின் அட்டையில் எர்த்ஸீயின் கடைசி நூல் என்று போட்டிருந்தது, ஆசிரியர் தன் உலகத்தைப் பற்றிச் செய்த மிக அழுத்தமான அறிவிப்பு அது, ஆனால் நிலைக்கவில்லை. ரோக் பள்ளியில் பெண்களுக்கு ஏன் இடமில்லை என்ற பழைய கேள்வி அப்போதும் திறந்தே கிடந்தது. 2001இல் ‘தி ஃபைண்டர்’ என்ற நெடுங்கதையில் அவர் அந்தப் பள்ளியின் தொடக்கக் காலத்துக்குப் போனார். அடிமைத்தனத்துக்கும் கொடுங்கோலர்களுக்கும் தப்பி ஒளிந்திருந்தவர்கள் சேர்ந்து அதைத் தொடங்கியதும், தொடங்கியவர்களில் பெண்கள் இருந்ததும் அங்கே தெரிய வருகிறது. பின்னாளில் முதல் தலைமை மந்திரவாதியாக வந்த ஹால்கெல்தான் பெண்களுக்குக் கதவை அடைத்தான். 1968 நாவலில் வரும் பழமொழிகளை இப்போது அந்த அடைத்த கதவோடு சேர்த்துப் படிக்க முடிகிறது.